லா சப்பலுக்கு வந்த இரண்டு செட்டைக் கார்கள்

அமெரிக்காவில் 1957இல் வந்த ஃபோர்ட் அழகா, அதே வருடத்துச் செவர்லே அழகா என்று கார்ப் பைத்தியங்கள் இன்றும் அடிபடுகிறார்கள். அந்த வழக்கு பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், எங்கள் அக்கா பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டன்று தீர்ந்துபோனது அவர்களுக்குத் தெரியாது. தீர்ப்புச் சொன்னவர் எங்கள் அம்மா. அவருக்குக் கார் ஓட்டவும் தெரியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஊரில் போர் முடிந்தபின் கொஞ்சக் காலம் எங்கள் ஆட்கள் எவரும் மேளதாளத்தோடு கொண்டாட்டம் வைக்கவில்லை. பிறகு மெல்லத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களை நிறுத்த முடியவில்லை. ஒருவர் மகளைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தார். இன்னொருவர் பஸ் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கார் பிடித்தார். யாரோ ஹெலிகொப்டருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்களாம் என்றும் ஒரு கதை உலாவியது. பெரியபிள்ளையான பெண் மண்டபத்துக்கு எதில் வந்து இறங்கினாள் என்பதுதான் லா சப்பலில் கத்தரிக்காய் பொறுக்கும்போது பேச்சு. சாப்பாடு எப்படி இருந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்பா விமான நிலையத்தில் வேலை செய்தார். கூட வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பிரெஞ்சுக்காரர் கூசேன்வில்லில் பழைய ஃபோர்ட் ஃபேர்லேன் ஒன்றை வைத்திருந்தார். மகளுக்கு அதுதான் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதே கிழமை, அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா, ஒபர்வில்லியேயில் தான் வேலை செய்யும் பண்டகசாலைக்குப் பக்கத்துக் கராஜில் ஒரு செவர்லே பெல் ஏரைக் கண்டுபிடித்து அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒருவரை ஒருவர் கேட்காமல் நல்லது செய்வது எங்கள் குடும்பத்து வழக்கம்.

இரண்டில் ஒன்றை விட்டால் பிரச்சினை முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். தகப்பன் பிடித்த காரைத் தகப்பன் எப்படி விடுவது? தாய்மாமன்தான் பிள்ளைக்கு மாலை போட்டு, கைபிடித்து மண்டபத்துக்குள் கூட்டிப்போக வேண்டும். அந்த உரிமை உள்ளவர் தன் காரை எப்படி விடுவது? இரண்டு பேரும் என்னைத்தான் சாட்சிக்குப் பிடித்தார்கள். எனக்குக் கார் என்றால் உயிர் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோர்டைக் காட்டக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமை மாமா செவர்லேயைக் காட்டக் கூட்டிப்போனார்.

ஃபோர்டைக் கண்டதும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். சிவப்பும் வெள்ளையும். நல்ல நீளம், தரையோடு பதிந்த உயரம், கடற்கரையில் இழுத்து விட்ட வள்ளம் போல ஒரு கிடை. பக்கவாட்டில் பொன்னிறப் பட்டி ஒன்று முன்னாலிருந்து ஓடிவந்து, கதவடியில் ஒருமுறை தாழ்ந்து, திரும்ப எழும்பிப் பின்னால் போயிற்று. பின் மூலைகளில் மீனுக்கு இருப்பதுபோல எழும்பிய செட்டைகள் இரண்டும் வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தன. அவற்றின் கீழே சாப்பாட்டுக் கோப்பை அளவில் இரண்டு வட்டச் சிவப்பு விளக்குகள். முன்மூடி மற்றக் கார்களைப் போல இல்லாமல் எதிர்ப்பக்கமாகத் திறந்தது. இதைவிட வடிவான ஒன்றை மனிதர் செய்ய முடியாது என்று அன்று இரவு முடிவெடுத்தேன்.

அந்த முடிவு புதன்கிழமை வரைக்கும்தான் தாங்கியது. செவர்லே மயில் கழுத்து நிறத்தில், மேல்மூடி மடக்கிய திறந்த காராக நின்றது. அதன் செட்டைகள் சரியவில்லை. சுறாவின் செட்டை போல நேராக எழும்பி நின்றன. பக்கத்தில் வரி வரியாக வெள்ளித் தகடு. முன்வாயில் பொன் வலை. மூக்கின் மேல் இரண்டு குட்டி ரொக்கட்டுகள். எல்லாவற்றையும்விட அந்தக் கராஜ்காரக் கிழவர் காட்டிய ஒரு வேலைக்கு நான் அடிமையாகிவிட்டேன். இடதுபக்கச் செட்டையின் பின்விளிம்பை அவர் விரலால் இழுத்தார். அது ஒரு சின்னக் கதவாகத் திறந்தது. உள்ளே பெற்றோல் மூடி! வடிவுக்காக ஒரு மூடியைக்கூட ஒளித்துவைத்த அந்த மனிதர்கள் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்கள்தான். ஃபோர்டுக்காரன் ஒரு கோட்டை இழுத்து அழகு செய்தான். செவர்லேக்காரன் ஒவ்வொரு மூலையிலும் ஒரு நகையைப் பூட்டி அழகு செய்தான். இன்றைக்கும் என் கருத்து அதுதான். அன்றைக்கு அதைச் சொல்லத் தெரியாததால் இரண்டு பேரிடமும் "உங்கடைதான் வடிவு" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன்.

சண்டை எங்கள் லா கூர்னெவ் வீட்டுக் குசினியில் முற்றியது. என் காரில் பிள்ளை வராவிட்டால் மண்டபத்துக்குள் காலடி வைக்க மாட்டேன் என்றார் மாமா. வைக்காவிட்டால் போங்கள் என்று அப்பாவால் சொல்ல முடியாது. மாமன் இல்லாத சாமத்தியவீடு என்றால் ஊர் சிரிக்கும். அதைவிட, அம்மாவுக்கு இந்த நாட்டில் இருக்கிற கூடப்பிறப்பு அவர் ஒருவர்தான். இருவரும் முறித்துக்கொண்டால் அம்மா யார் பக்கம் நிற்பது? அவர் அடுப்பைப் பார்த்தபடி ஒரே சட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இவள் பெரியபிள்ளையானதுக்கு அண்டைக்கு ஒண்டுமே செய்யேல்லை, மச்சான்," என்றார் மாமா திடீரென்று, அம்மாவைக் காட்டி. "இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்திலை கிடந்த நேரம். சீலையாலை ஒரு மூலையை மறைச்சு, ஒரு வாளி தண்ணி. அவ்வளவுதான். பிறகு வடிவாச் செய்வம் எண்டு நான்தான் இவளுக்குச் சொன்னனான்."

"அதுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று அப்பா கேட்டார்.

அது எனக்கும் நியாயமான கேள்வியாகவே பட்டது. கார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது மாமா ஏன் வாளியைப் பற்றிப் பேசுகிறார் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அக்கா மட்டும் தன் அறைக்குள்ளிருந்து, எல்லாரும் இப்படிக் கத்தினால் தான் மெத்ரோவில் வந்துவிடுவதாகப் பிரெஞ்சில் அறிவித்தாள்.

ஒரு முடிவும் இல்லாமலே சாமத்தியவீட்டுச் சனிக்கிழமையும் வந்தது. லா சப்பலில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அக்காவுக்கு அலங்காரம் நடந்தது. கீழே ஒடுக்கமான தெருவில் ஃபோர்டும் செவர்லேயும் மூக்கோடு மூக்கு முட்டுகிறாற்போல் நின்றன. பின்னால் மரக்கறி வான் ஒன்று கோன் அடித்து ஓய்ந்துவிட்டது. வாழைப்பொத்தி வாங்க வந்த சனமெல்லாம் சுற்றி நின்று படம் எடுத்தது. கார்ச் சொந்தக்காரக் கிழவர்கள் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் காரை ஒருவர் சுற்றி வந்தார்கள். உங்கள் செட்டை கொஞ்சம் கூட உயரம் என்றார் ஒருவர். உங்களுடையது விழப்போகிறாற்போல் இருக்கிறது என்றார் மற்றவர். கொஞ்ச நேரத்தில் செவர்லேக்காரர் ஃபோர்டின் பொன் பட்டியில் யாரோ வைத்த விரலடையாளத்தைத் தன் கைலேஞ்சியாலேயே துடைத்துவிட்டார். எங்கள் வீட்டாருக்குத்தான் அந்தப் பக்குவம் வரவில்லை.

அக்கா இறங்கி வந்தாள். தலையிலிருந்து கால்வரை நகை. அப்பா ஃபோர்டின் கதவைத் திறந்து பிடித்தார். மாமா செவர்லேயின் கதவைத் திறந்து பிடித்தார். வீடியோக்காரர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுவில் நின்றார். அக்கா அந்தக் கதவையும் இந்தக் கதவையும் பார்த்தாள். உதடு கோணத் தொடங்கியது. இரண்டு மணித்தியாலம் செய்த அலங்காரம் இன்னும் ஒரு நிமிடத்தில் கரையப்போகிறது என்று எனக்கே விளங்கியது.

அப்போது அம்மா கைப்பையை என்னிடம் தந்தார். சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே நடந்துபோய், செவர்லேயின் பின் இருக்கையில் ஏறி நடுவில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, நீ அப்பாவோடை போ," என்றார் அக்காவிடம். பிறகு மாமாவைப் பார்த்தார். "அண்ணை, நீங்களும் ஏறுங்கோ. போவம்."

மாமா கண்ணாடிப் பாத்திரத்தை மூடுவதுபோல அந்தக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, மற்றப் பக்கத்தால் சுற்றிப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறினார்.

நான் அக்காவோடு ஃபோர்டில் போனேன். பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே போனேன், செவர்லே ஓடும்போது எப்படி இருக்கிறது என்று. வெயிலில் அந்தப் பொன் வாய் சிரித்துக்கொண்டு வந்தது. பாலத்தைத் தாண்டியதும் அது எங்களுக்குப் பின்னால் திரும்பவில்லை, நேரே போய்விட்டது. ஒபர்வில்லியே மண்டபத்தில் நாங்கள் இறங்கி, மேளகாரர் ஒரு உருப்படி முழுதாக வாசித்து முடித்த பிறகும் அவர்களைக் காணவில்லை. சனம் குசுகுசுக்கத் தொடங்கியது. மாமன் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே அப்பா நினைத்திருப்பார். தெருவைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்.

கடைசியில் மயில் கழுத்து நிறம் தெருமுனையில் தெரிந்தது. அம்மாவின் கொண்டை குலைந்து பூ ஒருபக்கம் தொங்கியது. மாமாவின் கண் சிவந்திருந்தது. அப்பா ஓடிப்போய்த் தானே கதவைத் திறந்து அம்மாவை இறக்கினார். மாமா கூலிங்கிளாஸைப் போட்டுக்கொண்டு, அக்காவுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அடுத்த கிழமை லா சப்பலில் எங்களைப் பற்றி ஒரே பேச்சு: ஒரு பிள்ளைக்கு இரண்டு கார் பிடித்த பெரிய இடம். அதற்கடுத்த சாமத்தியவீட்டுக்கு ஒருவர் மூன்று பிடித்தார்.

எனக்கு அந்தக் கௌரவமெல்லாம் முக்கியமில்லை. அன்று மண்டப வாசலிலேயே அம்மாவின் சீலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அந்தச் செவர்லேயில் ஊர் சுற்றி வந்த பெண் அவர் ஒருவர்தான். சரியான தீர்ப்பு அவரிடம்தான் இருக்க வேண்டும்.

"எது அம்மா வடிவு?"

"அப்பான்ரை கார்தான்," என்றார் அவர், கொண்டையைச் சரிசெய்துகொண்டு.

"பிறகேன் மற்றதிலை ஏறினனீங்கள்?"

"அது அக்காவுக்கு வந்த கார். இது எனக்கு வந்தது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செட்டையை நன்றாகக் கவனிக்காமல் சொல்கிறார் என்று நினைத்தேன். சரிந்த செட்டை, நிமிர்ந்த செட்டை, ஒளித்துவைத்த பெற்றோல் மூடி எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு, அம்மாவும் ஒருகாலம் அக்காவின் வயதில் ஒரு பிள்ளையாக இருந்தவர் என்பது மட்டும் அன்று தோன்றவே இல்லை.