தண்ணி மஞ்சு

மஞ்சுளா போய்விட்டாளாம்.

காலையில் பழைய லேப் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் அவளுடைய போட்டோ, கீழே வரிசையாகக் கைகூப்பிய எமோஜிகள். மூளையில் ரத்தக் கசிவாம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

நான் ஒரு வார்த்தை எழுதுவதற்குள் முகநூல் முழுக்க அவள்தான். இதிலும் எனக்கு முன்னால் ஊரே நிற்கிறது...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2007 வாக்கில் நானும் அவளும் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்கள். ஓசூர் பக்கம் பாகலூர் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓர் ஊரின் தண்ணீர் டேங்க்கில் சென்சார் வைப்பதுதான் வேலை.

அந்த ஊரில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து ரோஜாத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள், அதற்காகவே பாதி நாள் வேலையை விட்டுவிட்டுக் குடத்தோடு காத்திருப்பார்கள்.

தண்ணீர் திறந்த உடனே அவர்கள் போனுக்கு மெசேஜ் போக வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி.

சர்க்யூட், சால்டரிங், புரோகிராம் எல்லாம் நான். ஊர்க்காரர்களிடம் பேசுவது மஞ்சு.

அவள் உத்தனப்பள்ளிப் பெண். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ். நான் அப்பாவின் ஃபேக்டரி வேலைக்காக விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தவள், நான் வாயைத் திறந்தாலே அந்தப் பெண்களுக்குச் சிரிப்பு வரும்.

வெயிலில் டேங்க் மேலே ஏறி நான் பெட்டியை மாட்டிக்கொண்டிருப்பேன். கீழே பார்த்தால் யாராவது ஒரு வீட்டில் மஞ்சு களி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், அவரைக்கொட்டைக் குழம்போடு. சிரிப்புச் சத்தம் மேலே வரை கேட்கும்.

நான் இறங்கி வந்தால் எனக்கு டீ தருவார்கள். டீ மட்டும்.

வயிறு எரியும். அஞ்சலி என்பதற்காக இங்கே பொய் சொல்ல மாட்டேன்.

கொஞ்ச நாளிலேயே என் மெஷின் படுத்துவிட்டது. எல்லை ஊர் இல்லையா... உள்ளே இருந்த சிம், அடிக்கடி கர்நாடகா டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங்கில் போய்விடும். மெசேஜ் அனுப்பி அனுப்பியே பேலன்ஸ் தீர்ந்துவிடும்.

புரொஃபசர் என்னைத்தான் திட்டினார். லேபில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், மஞ்சு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மெசேஜ் எதுக்குடி? போனாலும் யாரு படிக்கப் போறா, இங்கிலீஷ்ல இருக்குது. ரிங் உட்டு கட் பண்ணிடு, போதும்.”

மிஸ்டு கால். எந்த டவராக இருந்தாலும் பேலன்ஸ் குறையாது. அன்றைக்கே புரோகிராமை மாற்றினேன், அப்புறம் ஒரு தகராறும் இல்லை.

ஊரே அந்த நம்பரைப் போனில் சேவ் பண்ணிக்கொண்டது. என்ன பெயரில் தெரியுமா? ‘தண்ணி மஞ்சு’.

தண்ணீர் திறந்தால் அத்தனை பட்டன் போனிலும் அவள் பெயர்தான் வரும். மஞ்சு கூப்பிடுது, மஞ்சு கூப்பிடுது என்று சொல்லிக்கொண்டே ரோஜாத் தோட்டத்திலிருந்து ஓடுவார்கள். பெட்டி என்னுடையது. ஏணி ஏறியவள் நான்.

ஒருநாள் ஆராய்ச்சியைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இதை யார் செய்தது என்று கேட்டதும் பெண்கள் எல்லாரும் மஞ்சுவைக் காட்டினார்கள்.

அவள் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். “இவதான்க்கா செஞ்சா. நானு சும்மா பேச வந்தவ.”

வந்தவர்கள் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, மறுபடி அவளிடமே பேச ஆரம்பித்தார்கள்.

இப்படி நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். அதனால் அவளிடம் சண்டை போடவும் வழியில்லை.

மதியம் லேபில் என் டப்பாவைத் திறந்து லெமன் சாதத்தைச் சாப்பிடுவாள். “உன் கையால சாப்பிட்டாத்தான்டி எனக்கு வயிறு நெறையுது” என்பாள்.

எனக்கு அது ஒன்று போதும். ஊர் முழுக்கக் களி தின்றாலும் வயிறு நிறைவது என்னிடம்தானே... இத்தனை வருஷமும் அந்த வரியை என் சொத்து மாதிரி வைத்திருந்தேன்.

இன்று காலை உங்கள் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் தன் புளியோதரையைப் பற்றி எழுதியிருக்கிறார். கல்யாணமாகி நாகரசம்பட்டியில் அவள் குடியிருந்த வீட்டு ஓனரம்மா, தன் மாங்காய் சாதத்தைப் பற்றி. டேங்க் ஊர்க்காரப் பெண் ஒருத்தி, மகனிடம் சொல்லி டைப் செய்ய வைத்திருக்கிறாள்... களி.

எல்லாருக்கும் அதே வரி. கையால சாப்பிட்டாத்தான் வயிறு நெறையுதாம்.

அந்த டீச்சருக்கும் ஓனரம்மாவுக்கும் ‘உங்க கையால’. எனக்கு ‘உன்’, கூட ஒரு ‘டி’. அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

அழுதுகொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபப்பட்டேன். அன்றைக்கு அவளைப் பார்த்துப் பொறாமை. இன்றைக்கு உங்கள் எல்லாரையும் பார்த்து.

சாயந்திரம் நாகரசம்பட்டியில் எடுக்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். அங்கே கூட்டம் நிறைய இருக்கும். யாராவது என்னைப் பார்த்து நீங்கள் மஞ்சுவுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள், அதை நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது.

ப்ராஜெக்ட் முடிந்த அன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவளை, அவள் ஊர் வழியாகப் போகும் ராயக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் பக்கம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன்.

எழுதினால் யாராவது வந்து, எனக்கும் இதையேதான் சொன்னாங்க என்று கமெண்ட் போட்டுவிடுவீர்கள்.

போய்ட்டு வாடி மஞ்சு...