மருமகள் மூடி வைத்த காது

தாராவியில் இருக்கிறோம். வீட்டு டெபாசிட்டுக்காகத் தங்கத்தோட்டை விற்றதிலிருந்து என் மருமகள் செல்வி காதில் வேப்பங்குச்சிதான் செருகியிருந்தாள். கவரிங் போட்டால் அவளுக்குப் புண்ணாகிவிடும்.

நான் மணி கோத்துக் கம்மல் செய்வேன். மணிக்கடையில் 'கோல்டு ஃபில்டு' என்று ஒரு கம்பி கொடுத்தார்கள். பித்தளைக் கம்பிமேல் தங்கத்தைக் கெட்டியாகப் பொதிந்தது. தங்கத்தைவிட மலிவு, முலாம்போல் சீக்கிரம் போகாது. அதை வளைத்துச் சிவப்பு மணி கோத்தேன். காதில் நோகாமல் நுழையட்டும் என்று முனையை அரத்தால் நன்றாக ராவிக் கொடுத்தேன். செல்வி வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றாள்.

பிறகு சில நாளாக முடியைக் காதுமேல் இழுத்துவிட்டே இருந்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதுதான் பார்த்தேன். காது வீங்கிச் சீழ் பிடித்திருந்தது.

"ஏளா, வலிக்குன்னு சொல்லக் கூடாதா?"

"நீங்க ஆசையா செஞ்சதுல்லா அத்தை. கழத்துனா உங்க மூஞ்சி வாடிப் போவும்."

கழற்றிப் பார்த்தால், நான் ராவிய இடத்தில் தங்கம் போய்ப் பித்தளை பச்சை பூத்திருந்தது. நல்லவேளை, டாக்டரம்மா கொடுத்த மருந்திலேயே ஆறிவிட்டது.

இப்போது அந்தக் கம்பியை மணி கோக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். காதுக்குள் போகும் கொக்கிக்கு வெள்ளிக் கம்பிதான். யாருக்குக் கொடுத்தாலும் நாலு நாள் கழித்துப் போய், கூச்சத்தோடு காதைக் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன்.

செல்வியிடம் கேட்கவே வேண்டாம். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தால், முடியை ஒதுக்கிக்கொண்டு அவளே வந்து உட்கார்ந்துவிடுவாள்.