தேனீக்கு ஒரு நாள் முந்தி நோட்டீஸ்

தேன்பெட்டிக் களப்பணியாளன் வேலையில் தேனீ கொட்டுவதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. கொட்டின இடத்தில் சுண்ணாம்பைத் தடவினால் போச்சு, ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்விக்குத் தடவத்தான் ஒன்றும் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் இருந்துகொண்டு கரிசல் ஊர்களைச் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தேன். மேலிடத்துத் தாளை வாங்கிக் கீழே படித்துக் காட்டுகிற உத்தியோகம் உங்களில் யாருக்காவது வாய்த்திருந்தால், நீங்களும் என் பங்காளிதான். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மேய்ச்சலுக்குப் பின்னால் யார் போவது?

சூரியகாந்தி எங்கள் பக்கத்துக்கு வந்த புதுசு. பூ என்னவோ தாம்பாளம் தாம்பாளமாகப் பூத்தது. உடைத்துப் பார்த்தால் பாதி விதை பொக்கு. தேனீ வந்து மேய்ந்தால்தான் மணி பிடிக்கும் என்று சொல்லி, இடைசெவலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நாலு தேன்பெட்டிகளைப் பரீட்சையாகக் கொடுத்தார்கள். பூப்பருவம் முடிகிறவரை நாலில் மூன்று பெட்டியாவது உயிரோடு இருந்தால், பெட்டி வளர்த்தவருக்கே சொந்தம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்.

கொட்டுகிற சாமானை எவன் வாங்குவான் என்று ஊரே ஒதுங்கிக்கொண்டது. முன்னால் வந்தது சண்முகத்தாய் ஒருத்திதான். ஆடு மேய்க்கிற குடும்பம், நாற்பது வயசிருக்கும். முந்தின வருஷ மழையில் நோய் விழுந்து மந்தையே போய், ஐந்து ஆடு மிச்சம். பெட்டியும் கையில் நிற்கவில்லை என்றால் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கத்தான் போகணும். "நடந்து பழகின காலு சார். அங்கன போயி நாள் பூரா சம்மணம் போட்டு உக்கார என்னால ஏலாது" என்றாள்.

நான் ராணித் தேனீயைக் காட்டினேன், அடை கட்டுவதைக் காட்டினேன். எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்தாள். பூவைத் தேடி ஒரு மைல் தூரம்கூடப் போகும் என்று சொன்னதும் நிமிர்ந்தாள்.

"ஆட்டுக்குப் பின்னால கம்பும் கையுமா நான் போயிருதேன். இது அடுத்தவுக காட்டுல மேயப் போனா, பின்னால யாரு சார் போவா?"

பனி ஈரம்

அந்தக் கேள்விக்குக் கார்த்திகை மாசமே பதில் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் போனால், சண்முகத்தாய் தானியம் புடைக்கிற சுளகு ஒன்றை என் முன்னால் வைத்தாள். சுளகு நிறையச் செத்த தேனீ. நாலு பெட்டியில் ஒன்று சுத்தமாகக் காலி. "கல்லு மாதிரி விழுந்து கெடந்துச்சு சார். நான் என்னமும் தப்புப் பண்ணிட்டனா?" என்று கேட்டாள். இன்னும் ஒன்று போனால் பரீட்சையே முடிந்தது.

பக்கத்துக் காடு ரெங்கசாமி அண்ணாச்சியுடையது. பருத்தி ஒரு பக்கம், சூரியகாந்தி ஒரு பக்கம். பழைய வேட்டித் துணியில் பூச்சிப்பொடியைப் பொட்டலமாகக் கட்டி, கம்பின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டு, பருத்திச் செடிக்கு மேலே தட்டித் தட்டித் தூவிக்கொண்டு போவது எங்கள் ஊர் வழக்கம். அதையும் விடிந்தும் விடியாமலும், பனி காய்வதற்குள் தூவவேண்டும். தேனீ பருத்திப் பூவை மேயக் கிளம்புகிற நேரமும் அதுதான்.

சண்டைக்குப் போவது மாதிரித்தான் போனேன். அண்ணாச்சி மனுஷன் பொல்லாதவர் இல்லை. உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"பனி ஈரம் இருந்தாத்தான் பொடி இலையில ஒட்டும்னு போன வருசம் ஒரு ஆபீசர் வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போனாரே. நீங்க எந்த ஆபீசு?"

இரண்டு கையெழுத்து

நடந்ததை எழுதி மேலே அனுப்பினேன். அதற்குப் பதிலாக வந்ததா, தானாக வந்ததா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. மார்கழியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பூத்த பயிருக்குக் காலையில் மருந்து அடிக்கக் கூடாது; தேனீ கூடு திரும்பியபின் சாயங்காலம் அடிக்கவேண்டும்; தேன்பெட்டி வைத்திருப்போருக்கு ஒரு நாள் முன்னதாகத் தகவல் தரவேண்டும்; அவர்கள் பெட்டி வாசலை மூடிவைக்க வேண்டும். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சர்க்காருக்குத் தேனீ ஞாபகம் வந்துவிட்டதே!

மருந்து வாங்க வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று, மருந்து டிப்போ சுவரிலேயே பசை போட்டு ஒட்டினேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், சுற்றறிக்கையைக் காணோம். பொடி மூட்டையைக் கூரை வரைக்கும் அதன்மேலேயே அடுக்கியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டுவிட்டேன். டிப்போ கிளார்க் கொஞ்சமும் அசையவில்லை.

"பூச்சியக் கொல்லுன்னு ஒரு தாளு, பூச்சியக் காப்பாத்துன்னு ஒரு தாளு. ரெண்டுலயும் ஒரே அய்யாதான் கையெழுத்துப் போட்டிருக்காரு. நான் எந்தக் கையெழுத்த நம்பட்டும்?"

வேப்பங்குழை

சாயங்காலம் அடிப்பதற்கு ரெங்கசாமி அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். "பொடிதான் ஒட்டாது, தண்ணி மருந்து அடிச்சிட்டுப் போறேன்" என்றார். இடித்தது முன்தகவல்தான். அவர் வீடு ஊருக்குக் கிழக்கே, சண்முகத்தாய் வீடு மேற்கே. ஒவ்வொரு தடவையும் யார் போய்ச் சொல்வது?

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. மருந்து அடித்த காட்டின் ஓரத்தில் ஒரு கம்பை ஊன்றி, அதில் ஒரு கொத்து வேப்பங்குழையைக் கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தால் எவரும் ஆட்டை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். அடித்தபிறகு கட்டுகிற குழையை, அடிப்பதற்கு ஒரு நாள் முந்தியே கட்டிவிட்டால் என்ன? சண்முகத்தாய் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும், மறுநாள் பெட்டியை மூடிவிடலாம். ஊரைக் கூட்டிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என் யோசனையை நானே மெச்சிக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கு அறிக்கை வேறு எழுதினேன்.

சண்முகத்தாய்க்கும் பிடித்துப்போனது.

"ஆட்டுக்கு ஆன அடையாளம் ஈக்கும் ஆகட்டும். அதுக்குப் படிக்கத் தெரியாதுல்லா, நான் பாத்துச் சொல்லிக்கிடுதேன்."

ஊரெல்லாம் குழை

தை பிறந்து சூரியகாந்தி பூத்துக் கிடந்தது. பாதையில் வரும்போதே எனக்கு என்னமோ பட்டது. எந்தக் காட்டைப் பார்த்தாலும் வேப்பங்குழை! அண்ணாச்சி காட்டில் மட்டும் நாலு மூலைக்கும் நாலு. மருந்து வாடை மட்டும் எங்கேயும் இல்லை.

சண்முகத்தாய் பெட்டிக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். எந்தக் காட்டில் என்றைக்கு அடிப்பார்கள் என்று தெரியாமல், மூன்று நாளாக மூன்று பெட்டியும் மூடியே கிடந்ததாம். பொழுது அடைகிற நேரத்துக்குக் கொஞ்சம் திறந்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே ஒரே இரைச்சல். ஒரு பெட்டியில் அந்த இரைச்சலும் குறைந்துபோயிருந்தது.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. குழை கட்டினால் ஆடு வராது. மருந்து அடிக்காமலே கட்டினாலும் வராது. காவலுக்கு ஆள் போட வேண்டியதில்லை. சர்க்கார் ஆளே முந்திக் கட்டச் சொல்லியிருக்கிறார், பிறகென்ன? ஆளாளுக்குக் கட்டிவிட்டார்கள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அங்கேயே மூன்று வாசலையும் திறந்துவிட்டேன். இரண்டு பெட்டியிலிருந்து குபுகுபுவென்று கிளம்பின. மூன்றாவதில் ஒன்றிரண்டுதான் தள்ளாடிக்கொண்டு வந்தன. சண்முகத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தன வருசமா ஆட்டுக்குன்னு கட்டின குழையில பொய் இருந்ததில்ல. நீங்க தொட்ட பெறகுதான் சார் இப்படி ஆயிட்டு."

பூவில் ஒரு வளையம்

அன்றே வீடு வீடாக ஏறி, பொய்க்குழையை எல்லாம் பிடுங்கச் சொன்னேன். சிலர் பிடுங்கினார்கள். அண்ணாச்சி மட்டும் சிரித்துக்கொண்டு, "நான் ஒரு உசுரையும் கொல்லலையே சார், வேப்பங்குழையில என்ன விசம்?" என்றார். சண்முகத்தாய் அந்த மூன்றாவது பெட்டிக்குச் சீனிப்பாகு வைத்து, எறும்பு ஏறாமல் பெட்டிக் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டாள்.

அறுப்பு நேரத்தில் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். முதல் பெட்டியைத் திறந்தார், நிறைய ஈ. இரண்டாவதும் நிறைய. மூன்றாவதைத் திறக்கும்போது சண்முகத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். இரண்டு அடைச் சட்டத்தில் கொஞ்சம் ஈ, நடுவில் ராணி. புது முட்டையும் இருந்தது. "உயிர்தான்" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார் அதிகாரி. சண்முகத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்துக்கு அண்ணாச்சி நாலைந்து சூரியகாந்திப் பூவைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். ஒன்றை இரண்டாகப் பிளந்து அதிகாரி முகத்துக்கு நேரே நீட்டினார். சூரியகாந்தி ஓரத்திலிருந்து உள்முகமாக, நாளுக்குக் கொஞ்சமாகத்தான் மலரும். அந்தப் பூவில் ஓரமெல்லாம் நல்ல மணி, நடுவிலும் நல்ல மணி. இரண்டுக்கும் இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம், சுத்தப் பொக்கு. "விதையில குத்தமா, மண்ணுல குத்தமா? என் காட்டுல முக்காவாசிப் பூ இப்படித்தான் கெடக்கு. என்ன நோவு இது, பாத்துச் சொல்லுங்க" என்று மன்றாடினார். அதிகாரி பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

சண்முகத்தாய் எழுந்து வந்தாள். அண்ணாச்சி கையிலிருந்து பூவை வாங்கி, ஓரத்திலிருந்து உள்ளே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். பொக்கு வளையம் வந்ததும் விரலை நிறுத்தினாள்.

"இது நோவு இல்ல அண்ணாச்சி. நீங்க பொய்க்குழை கட்டி, என் ஈ மூணு நாளு வீட்டுக்குள்ள கெடந்துச்சே, அந்த மூணு நாளு."

மறு வருஷம் மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் அண்ணாச்சி தானே ஊரைத் தாண்டி நடந்துபோய்ச் சண்முகத்தாயிடம் சொல்லிவிட்டு வந்தார். முத்திரை குத்தி நான் சுவர் சுவராக ஒட்டின தாளை விட, இரண்டு விரல் பொக்கு நன்றாக வேலை பார்த்திருக்கிறது என்று என் அறிக்கையில் எழுத மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.