அம்மாவின் கல்வெட்டில் ஒன்பதாம் பக்கம்

முப்பத்தொரு நாளுக்குள் ஒரு முழு வாழ்க்கையை அச்சடித்து, மடித்து, கம்பி அடித்துக் கொடுப்பது என் தொழில். இணுவிலில் சின்ன அச்சகம். கலியாண அழைப்பிதழும் கோயில் நோட்டீசும் வரும், ஆனால் சோறு போடுவது கல்வெட்டுத்தான். செத்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல் எல்லாம் சேர்த்து முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கிற புத்தகம். "அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கோ" என்று கேட்டதும் பேனையோடு முழித்துக்கொண்டு இருந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்கள் அவதி எனக்குத் தெரியும். அந்த நாலு வரியையும் ஒன்பதாம் பக்கத்துக்கு நானே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

உயிரோடு இருந்த மருமகன்

நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் சிவபாலன் அண்ணையின் தாயாருக்கு ஒரு பக்கம் எழுதினேன். 'வைகறையில் துயிலெழுந்து, வந்தாரை முகம் கோணாது உபசரித்து, தனக்கென ஒன்றையும் வைத்துக்கொள்ளாது வாழ்ந்தவர்' என்று போகும். அண்ணை வாசித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். அதைப் பார்த்துத்தான் அதையே கடையின் நிரந்தரப் பக்கமாக்கினேன். பெயரை மட்டும் மாற்றினால் எந்த அம்மாவுக்கும் பொருந்தியது.

அதே புத்தகத்தில் ஒரு பிழையும் விட்டேன். உறவுமுறைப் பட்டியலில் வரிசையாக ஆறு பேர் 'காலஞ்சென்ற'வர்கள். ஏழாவதாக வந்த மருமகனுக்கும் கை தானாக அதையே அடித்துவிட்டது. மனிதர் கொழும்பிலிருந்து வந்து, தன் பெயரில் விரலை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். "தம்பி, என்ரை கல்வெட்டையும் கையோடை அடிச்சுத் தாரும். வாசிச்சுப் பாத்திட்டு ஆறுதலாச் சாகிறன்."

சிவப்புப் பேனை

அன்றே, பிழை பார்க்க அம்மாவைக் கடைக்கு அழைத்துக்கொண்டேன். முப்பது வருடம் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் வாசித்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் எதுவும் அச்சுக்குப் போகும். அதன் பிறகு என் கையால் எவரும் அநியாயமாகச் சாகவில்லை.

ஆனால் நிரந்தரப் பக்கம் வந்தால் பேனையை மேசையில் போட்டுவிடுவார். "எட, உன்ரை மெசினிலை எல்லாப் பொம்பிளையளும் ஒரே பொம்பிளையாத்தான் சாகினம். இவவை எனக்குத் தெரியும், வாயைத் திறந்தா ஊர் ரெண்டாகும். என்ரை முறை வரேக்கை உந்தப் பக்கத்தைப் போட்டியோ, எழும்பி வந்து சிவப்பாலை குறுக்கை கீறுவன்."

ஒரே வாங்கில் இரண்டு ரீச்சர்

இந்த வருடம் அம்மா போய்விட்டார். காலைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தபடியே. எனக்கு இருந்தது ஒரே பிடிவாதம். ஒன்பதாம் பக்கத்தில் என் அம்மாதான் இருக்க வேண்டும், வேறு எவரும் இருக்கக் கூடாது.

செத்தவீட்டுக்கு வந்த பழைய மாணவர்களிடம் குறிப்பெடுக்கக் கொப்பியும் பேனையுமாகப் போனேன். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர், "ரீச்சரின்ரை பிரம்படி இல்லையெண்டா நான் மாடு மேய்ச்சிருப்பன்" என்றார். எழுதிக்கொண்டேன். கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கும் அக்கா, "பிரம்போ? ரீச்சர் அதட்டினதே நான் கேக்கேல்லை" என்றார். எழுதியதை வெட்டினேன். விசாரித்தால் இருவரும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். என்னைக் கேட்டால், அம்மா அடித்த ஞாபகமும் இருக்கிறது, ஒருநாளும் அடிக்காத ஞாபகமும் இருக்கிறது.

சரி, எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததையே எழுதுவோம் என்று இருந்தேன். அம்மாவுக்கு இதரை வாழைப்பழம் என்றால் உயிர். சிவபாலன் அண்ணை கொண்டுவந்து தரும் சீப்பை வெள்ளிதோறும் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். மறுநாள் ஒரு பழம் மிஞ்சியிராது. கனடாவிலிருந்து வந்து அம்மாவோடு மாதக்கணக்கில் நின்ற தங்கச்சி என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள். "அம்மாவுக்கு வாழைப்பழ மணமே பிடிக்காது அண்ணை. நீ ஆசையாக் கொண்டு வாறாய் எண்டு வாங்கி வைச்சிட்டு, பக்கத்து வீட்டுக்குக் குடுத்து விடுறவ. உனக்குத் தெரியாதே?"

ஒன்பதாம் பக்கம்

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எட்டுத் தரம் எழுதி எட்டுத் தரம் அழித்தேன். பக்கக் கணக்குக்காக நிரந்தரப் பக்கத்தை அம்மாவின் பெயரோடு தற்காலிகமாக அங்கே இட்டு வைத்திருந்தேன். முப்பதாம் நாள் காலை, மெசின் ஓட்டும் அண்ணை "தம்பி, தாறியோ இல்லையோ?" என்று வந்து நின்றார். கொடுத்தேன். வாசித்துக் கையெழுத்து வைக்க ஆளில்லை. மறந்து கொடுத்தேனா, தெரிந்துதான் கொடுத்தேனா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

மறுநாள் வீட்டில் புத்தகத்தைத் திறந்தால், ஒன்பதாம் பக்கத்தில் அந்த நிரந்தரப் பக்கமேதான் இருந்தது. எவராவது வந்து ஏசுவார்கள் என்று பந்தி முடியும்வரை காத்திருந்தேன். வங்கி முகாமையாளர் ஒன்பதாம் பக்கத்தை வாசித்துக் கண்ணாடியைத் துடைத்தார். கொடிகாமத்து அக்கா புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தங்கச்சி, "அம்மாவை அப்பிடியே எழுதிப்போட்டாய்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அழ, நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழும்பி வந்து குறுக்கே கீறுவேன் என்றவர் வரவில்லை. அப்போதுதான் அம்மா இல்லை என்பது எனக்கு உறைத்தது.

கடைசியாக, ஒரு சீப்பு இதரையோடு சிவபாலன் அண்ணை வந்தார். அவருடைய தாயின் பக்கம். பெயரைத் தவிர ஒரு சொல்லும் மாறவில்லை. இவரிடம் தப்பமாட்டேன் என்று நினைத்தேன். அவர் வரிவரியாக விரல் வைத்து வாசித்து முடித்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்கடை அம்மாவும் உப்பிடித்தான்."

ஊரிலுள்ள அம்மாக்களையெல்லாம் அரை மணித்தியாலத்தில் எழுதிக் கொடுத்த நான், அவர்களில் என் அம்மா எவர் என்று கேட்டால், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உங்களைப் போலத்தான் முழித்துக்கொண்டு நிற்கிறேன்.