ஒரு மணி நேரக் கடை

என் மாமனாரிடம் யாராவது, "மாப்பிள்ளைக்கு என்ன ஜோலி?" என்று கேட்டால் அவர் முதலில் ஒரு தடவை செருமிக்கொள்வார். பிறகு, "கம்ப்யூட்டர்ல ஏதோ செய்யாரு" என்பார். அடுத்த வாக்கியத்திலேயே பேச்சு மழைக்கோ கன்னிப்பூ நெல் அறுப்புக்கோ போய்விடும். பெரும்பாலும் கல்யாண வீட்டுப் பந்தியில்தான் இது நடக்கும். பக்கத்து இலையில் நான் இருப்பேன். காதே கேட்காதவன் மாதிரி அவியலை அள்ளித் தின்றுகொண்டிருப்பேன்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த வேலையை உதறிவிட்டு, வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து நல்லமிளகும் கிராம்பும் விற்கிற மருமகனைப் பற்றி ஒரு மனிதர் என்னதான் சொல்வார்? சரக்கு கீரிப்பாறைக்கு மேலே இருக்கும் தோட்டங்களிலிருந்து வரும். நானும் மனைவியும் புடைத்து, நிறுத்து, பொட்டலம் போட்டு, நாங்கள் பார்த்தே இராத ஊர்களுக்கெல்லாம் கூரியரில் அனுப்புவோம். என் இணையதளத்தில் ஆர்டர் போடுகிறவர்கள் கார்டில் பணம் கட்டுவார்கள். அந்தப் பணம் நேரே என் கைக்கு வராது. நடுவில் ஒரு கம்பெனி வாங்கி வைத்து, தன் பங்கைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை என் வங்கிக் கணக்கில் போடும். போட வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் முதல்முறையாக ஆர்டர்கள் குவிந்தன. அதே வாரம் அந்தக் கம்பெனி என் கணக்கை முடக்கியது. 'உங்கள் தொழிலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல். சரிபார்க்கும்வரை பணம் உள்ளே வரும், வெளியே வராது. திரையைத் திறந்தால் என் பணம் பச்சை எழுத்தில் தெரியும், நாளுக்கு நாள் ஏறவும் செய்யும். எடுப்பதற்கான பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். ஆர்டர் போட்டவர்கள் பணம் கட்டிவிட்டார்கள், அவர்களுக்குச் சரக்கு போய்த்தான் ஆகவேண்டும். சரக்கு தந்த தோட்டக்காரர் போன் செய்துகொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் நான் போனை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

கேட்டதையெல்லாம் அனுப்பினேன். பான் கார்டு அனுப்பினால் தெளிவாக இல்லை என்றார்கள். கரண்ட் பில் அனுப்பினால், அது காலமான என் அப்பாவின் பெயரில் இருந்ததால், இவர் யார் என்றார்கள். ஒவ்வொரு பதிலும் வேறொருவர் பெயரில் வரும். முதல் ஆள் கேட்டு வாங்கியது இரண்டாவது ஆளுக்குத் தெரியாது. போனில் கூப்பிட்டால் பாட்டு, பாட்டு முடிந்தால் இந்தி. கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள். கடையின் போட்டோ வேண்டும் சார், பெயர்ப்பலகையும் தெருவும் தெரிய வேண்டும், உள்ளே சரக்கும் தெரிய வேண்டும் என்றாள். எனக்குக் கடையே கிடையாது, இணையத்தில் விற்கிறவன் என்பதால்தானே உங்களிடம் வந்தேன் என்றேன். "புரிகிறது சார், கடையின் போட்டோவை அனுப்பிவிடுங்கள்" என்றாள், அத்தனை மரியாதையாக. கோபத்தில் போனை விட்டெறிந்தேன். கட்டில் மெத்தை பார்த்துத்தான் எறிந்தேன், அந்த அளவுக்கு நிதானம் இருந்தது.

கோட்டாற்றில் குடையும் பையும் விற்கிற பள்ளித் தோழன் ஒருவன் எனக்கு உண்டு. அவனிடம் போய்ப் புலம்பினேன். "லே மக்கா, அவனுவளுக்கு ஒரு கட வேணும், அவ்வளவுதானே? என் கடைய ஒரு மணிக்கூர் எடுத்துக்கோ" என்றான். என் கம்பெனிப் பெயரைப் போட்டு ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். கீழே உரிமையாளர் என்று என் பெயரும் இருந்தது. அடித்த ஆள் மாமனாரின் ஊர்க்காரர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில், குடைக்கடையின் சொந்த போர்டை மறைத்து அந்த ஃபிளெக்ஸைக் கயிற்றால் கட்டினோம். வீட்டிலிருந்து கொண்டுபோன பொட்டலங்களை முன்தட்டில் அடுக்கினோம். தோழன் எதிர்ப்பக்கம் நின்று தன் போனில் ஒரு போட்டோ எடுத்தான். அவ்வளவுதான், அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது மாமனார் தெருமுனையில் வருவதைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, தோளில் நேரியல், கையில் ஒரு பிக்ஷாப்பர் பை. பைக்குள் தேங்காயும் பழமும் கற்பூரமும் ஒரு சாமி படமும் இருந்தன.

"ஒரு வாக்கு சொல்லப்பிடாதா மாப்பிளே?" என்றார். "ஃபிளெக்ஸ்காரன் சொல்லித்தான் தெரியணுமா எனக்கு? நாங்க என்ன அன்னியமா?"

சிரிக்கத்தான் முயன்றார், ஆனால் குரல் உடைந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். படத்தை வைத்தார், கற்பூரம் காட்டினார், வாசலில் தேங்காய் உடைத்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், அது யார் கடை என்று தெரிந்தவர்கள். அவர்களுக்கும் பழம் கொடுத்து, "நம்ம மருமகன் கடையாக்கும்" என்றார். அந்த மனிதர்கள் பழத்தை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

மாமனார் மேலே தொங்கிய குடைகளைப் பார்த்து, "இந்தக் கொடையெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"அது என் பழைய சரக்கு மாமா. தீந்ததும் எடுத்துருவேன்" என்றான் தோழன். சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

போணி தன் கையால்தான் இருக்க வேண்டும் என்று கால் கிலோ நல்லமிளகு வாங்கினார். நான் பணம் வேண்டாம் என்றேன். "சொந்தம்னு விட்டுக் குடுத்தா கட வெளங்காது" என்று முழு விலையையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு தோழன் கையில் போன் இருப்பதைப் பார்த்து, "போட்டோ எடுக்கியளா? நானும் நிக்கட்டா?" என்றார். நேரியலைச் சரிசெய்துகொண்டு போர்டுக்குக் கீழே, எனக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அவர் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. அவர் பஸ் ஏறிப் போனதும் ஃபிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டினோம்.

சாயங்காலம் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா போன்ல அழுதாரு, சந்தோஷத்துல. எனக்கு என்ன சொல்லன்னே தெரியல. நீங்களே போய்ச் சொல்லிருங்க. வேற ஆளு சொல்லி அவரு கேக்கப்பிடாது." நாளைக்குப் போகிறேன் என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன்.

கம்பெனிக்கு முதல் போட்டோவைத்தான் அனுப்பினேன். தற்காலிகமாக அமைத்ததுபோலத் தெரிகிறது என்று திருப்பிவிட்டார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது மாமனார் நிற்கிற போட்டோ. அதை அனுப்பவே கூடாது என்று ஒரு ராத்திரி முழுக்க இருந்தேன், விடிந்ததும் அனுப்பினேன். உடைத்த தேங்காயும் அவர் முகமும் அதில் தெளிவாக விழுந்திருந்தன. உடனே ஏற்றுக்கொண்டார்கள். அவர் நம்பி நின்றதால்தான் அவர்களும் நம்பினார்கள். முடங்கிய பணம் மொத்தமும் வந்து சேர்ந்தது. தோட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். சந்தோஷம்தான் வரவில்லை, எதையோ களவாண்டு தின்றவன் மாதிரி இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். தோழன் போன் செய்தான்.

"மக்கா, உன் மாமா வந்தாரு. சொந்தக்காரங்க ரெண்டு பேரு கூட. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தாங்களாம், அப்படியே மருமகன் கடையக் காட்டணும்னு கூட்டிட்டு வந்திருக்காரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? மேல என் போர்டுதானே இருக்கு. அவரு போர்டப் பாத்தாரு, பொறவு என்னப் பாத்தாரு. நான் வாயத் தொறந்தேன், கையக் காட்டி நிறுத்திட்டாரு. கூட வந்தவங்ககிட்ட, 'எனக்குத் தெரு தெத்திப் போச்சுடே, கட இங்க இல்ல, வயசாச்சுல்லா'ன்னாரு. அவங்க சிரிச்சாங்க மக்கா. அத்தானுக்கு மறதி வந்தாச்சுன்னு கேலி பண்ணிட்டே போனாங்க. அவரும் கூடச் சிரிச்சிட்டே போனாரு."

அவர் அந்தக் கோட்டாற்றுத் தெருக்களில் ஆயுள் முழுக்க நடந்தவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு வந்து சேருவார். அன்று இரவு மனைவி அவருக்குப் போன் செய்து, கம்பெனி போட்டோ கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் பக்கத்து அறையில் விளக்கை அணைத்துப் படுத்திருந்தேன், தூங்குகிறேன் என்று அவள் நினைக்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே, "மாமா, அந்தக் கடை..." என்று தொடங்கினேன்.

"மக சொன்னா" என்றார். பேப்பரை மடித்து வைத்தார். "பைசா கிட்டிச்சா மாப்பிளே?"

"கிட்டிச்சு மாமா."

"முழுசும்?"

"முழுசும்."

தலையை ஆட்டினார். சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, மாப்பிள்ளைக்கு இலை போடச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனியும் அவனுவ போட்டோ கேட்டா சொல்லுங்க, நான் வந்து நிக்கேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்திருப்பேன்.