சிரித்தபடி படகேறியவர்

சரித்திரம் படித்தால் சோறு கிடைக்காது என்று தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் வீட்டு பிஸ்கட்டை எங்கள் வீட்டு டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்கள். நான் எம்.ஏ. முடித்துச் சில வருடம் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. பிறகு இரண்டாயிரம் பிறந்தது. புனேயில் மூலைக்கு மூலை கம்ப்யூட்டர் கம்பெனி முளைத்தது. அதில் ஒன்று சரித்திரம் படித்தவர்களையும் வேலைக்கு எடுத்தது. அன்றைக்கு அம்மா ஒருவரையும் விடாமல் போன் போட்டுச் சொன்னாள்.

சாங்வியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் விமான் நகருக்குப் போவேன். அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படிப்பதற்கான பாடங்களை எழுதினோம். பாடம் என்றால் பாடமில்லை. அதைத் துண்டு துண்டாக வெட்டித் திரைகளாக்க வேண்டும். ஒரு திரைக்கு இரண்டு வரி, ஒரு படம், பிள்ளை கம்ப்யூட்டர் எலியால் சொடுக்க ஒரு பொத்தான். சரியாகச் சொடுக்கினால் ஒரு நட்சத்திரம் வரும், யாரோ கைதட்டும் சத்தம் கேட்கும். இப்படித்தான் ரோமாபுரி விழுந்தது, அச்சு இயந்திரம் வந்தது, பிளேக் நோய் பரவியது. எல்லாவற்றுக்கும் ஒரே கைதட்டல்.

எங்கள் மேனேஜர் சென்னைக்காரர். அதற்கு முன் சோப்பு விற்கும் கம்பெனி ஒன்றில் இருந்தவர். சரித்திரமும் நுரைத்துக்கொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார். எல்லோர் முன்னாலும் ஆங்கிலம்தான் பேசுவார். என்னைத் திட்டவும், என்னிடம் காரியம் சாதிக்கவும் மட்டும் தமிழ். மறுமலர்ச்சிக் காலம் என்ற பகுதி வந்தபோது மற்றவர்கள் ஓவியர்களையும் அரசர்களையும் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். யூத அறிஞர்களும் புவியியலாளர்களும் என்ற தலைப்பு ஒருவரும் தொடாமல் கிடந்தது. மேனேஜர் அதை என் மேசையில் போட்டார். நான் கிறிஸ்தவப் பெண், பைபிள் தெரியும், அதனால் யூதர்களையும் தெரியும் என்பது அவர் கணக்கு. புனேயின் கேம்ப் பகுதியில் செங்கல் கோபுரத்தோடு நிற்கும் யூதர்களின் ஜெபாலயத்தை வேறு ஏதோ சபையின் சர்ச் என்றுதான் சின்ன வயதில் நாங்கள் நினைத்திருந்தோம். என் யூத ஞானம் அவ்வளவுதான். அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் வேலை என்று வந்தால் எனக்கு ஒரு வெறி உண்டு. சனி, ஞாயிறுகளில் கேம்பில் இருந்த ஒரு பழைய நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். மயோர்க்கா தீவில் அரசர்களுக்கு உலகப் படம் வரைந்து கொடுத்த ஒரு தகப்பனும் மகனும் கிடைத்தார்கள். கலவரத்துக்குப் பயந்து மதமும் பெயரும் மாற்றிக்கொண்டுதான் மகனால் அங்கே பிழைக்க முடிந்தது. இத்தாலியில் கையெழுத்துப் பிரதி எடுத்துப் பிழைத்த ஒருவர், கடலுக்கு அப்பால் புதிதாகக் கண்ட நிலத்தைப் பற்றி எபிரேயத்தில் எழுதி வைத்திருந்தார். இவர்களுக்கு நடுவே வந்தார் அந்தப் பெரியவர்.

பெரியவர் ஸ்பெயின்காரர், வானசாஸ்திரம் தெரிந்தவர். நடுக்கடலில் சூரியனை அளந்து, கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அட்டவணைகள் போட்டவர். ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது போர்த்துகலுக்குப் போனார். அந்த ஊர் அரசன் அவரை அரண்மனையில் வைத்துக்கொண்டான். கோழிக்கோட்டுக்கு வந்த முதல் போர்த்துகல் கப்பல்கள் அவருடைய கணக்கை வைத்துக்கொண்டுதான் கிளம்பின. கப்பல்கள் திரும்பி வரும்வரைகூட அரசன் பொறுக்கவில்லை. மதம் மாறு, இல்லையென்றால் போ என்று அங்கேயும் துரத்தினான். வழியில் கொள்ளைக்காரர்களிடம் சிக்கி, கடைசியில் துனிஸ் போய்ச் சேர்ந்தார். ஏறியபின் ஏணியைத் தள்ளிய கதை கேட்டிருக்கிறோம், ஏணியையே கொளுத்திய கதை இது. இந்த ஒரு திரையையாவது மனிதன் எழுதியது மாதிரி எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

எழுதினேன். 'அவருடைய கணக்கை வைத்துக்கொண்டு கப்பலை அனுப்பிய அரசனே அவரைத் துரத்தினான்.' வேறு அலங்காரம் எதுவும் இல்லை.

மறுநாள் மேனேஜர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எட்டாங்கிளாஸ் குழந்தை படிக்கறதும்மா. அதுக்கு எதுக்கு இவ்ளோ சோகம்? பாசிட்டிவா எழுதுங்க."

நடந்தது அதுதானே என்று கேட்டேன். நடந்ததை மறைக்கச் சொல்லவில்லை, பதமாகச் சொல்லச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு அந்த வரி என் கையிலிருந்து போயிற்று. 'துரத்தினான்' முதலில் 'வெளியேறச் சொன்னான்' ஆயிற்று. அரசன் பெயர் கெடக்கூடாது என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும், அடுத்து 'அவர் வெளியேறினார்' என்று வந்தது. கடைசியில் 'அவர் புதிய வாய்ப்புகளைத் தேடிச் சென்றார்' என்று முடிந்தது. கொள்ளைக்காரர்கள் 'பல சுவையான அனுபவங்கள்' ஆனார்கள்.

படம் போடுகிறவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. திரையில் வரும் மனிதர்கள் எல்லோரும் சிரிக்க வேண்டும். ஆகவே பெரியவர் தாடிக்கு நடுவே எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு படகில் ஏறினார். கையில் ஒரு பெட்டி. லோனாவ்லாவுக்கு இரண்டு நாள் காற்று வாங்கப் போகிறவர் மாதிரி இருந்தார். அது போதாதென்று ஒரு விளையாட்டு வேறு. பிள்ளைகள் பெரியவரை எலியால் பிடித்து ஸ்பெயினிலிருந்து போர்த்துகலுக்கும், அங்கிருந்து துனிஸுக்கும் இழுத்து விட வேண்டும். சரியான ஊரில் விட்டால் நட்சத்திரம், கைதட்டல். அதைச் சோதித்துப் பார்க்கும் வேலையும் எனக்கே வந்தது. பிடித்து இழுத்தேன், கைதட்டினார்கள்.

வீட்டில் சொன்னேன். அம்மா கட்கியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். புனேயிலேயே நரைத்தாலும் திருநெல்வேலி பேச்சை விடாதவள்.

"ஏட்டி, தொரத்துனான்னு வேதத்துலயே எத்தன எடத்துல எழுதிருக்கு. ஆண்டவரே மறைக்கல, ஒன் மேனேஜருக்கு என்னவாம்?" என்றாள்.

இதற்கிடையில் அமெரிக்காவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அங்கே பாடத்தைச் சரிபார்த்த ஒரு வாத்தியார், நல்ல வேலையில் இருந்த மனிதர் எதற்காகப் போர்த்துகலை விட்டுப் போனார், விளக்கவும் என்று கேட்டிருந்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உலகத்தில் ஒருத்தருக்காவது மூளை இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, விடையை நீட்டி எழுதி மேனேஜருக்கு அனுப்பினேன். அவர் அதைப் பிரித்தும் பார்க்கவில்லை. தானே பதில் போட்டுவிட்டார். சொந்தக் காரணங்களுக்காக என்று ஒரே வரி. ஐந்நூறு வருடத்துக்கு முன் ஓட ஓட விரட்டப்பட்ட மனிதருக்குச் சொந்தக் காரணம்! சோப்பு விற்றவர் எதையும் வழுக்க விட்டுவிடுவார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. வாத்தியார் மறுபடி கேட்கவில்லை. பாடம் போய்ச் சேர்ந்தது. எங்களுக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினார்கள்.

அடுத்த ப்ராஜெக்ட் வரவில்லை. வராது என்பது மேலே இருந்தவர்களுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. வடாபாவ் செரிப்பதற்குள் எழுதுகிறவர்களை ஒவ்வொருவராகச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தபோது மேனேஜர் தமிழில் ஆரம்பித்தார். காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

கம்பெனி யாரையும் நீக்குவதில்லை, அது கம்பெனியின் பெருமை, ஆகவே நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் மரியாதை என்றார். எனக்குச் சிரமம் வேண்டாமென்று கடிதத்தையும் டைப் அடித்தே வைத்திருந்தார்கள். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், புதிய வாய்ப்புகளைத் தேடிச் செல்கிறேன். இரண்டு வாக்கியமும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. இந்த ஊரில் பழைய கம்பெனி கொடுக்கும் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் புதிய கம்பெனி வாசலைக்கூட மிதிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும்.

பேனாவை எடுத்து இரண்டு வாக்கியத்தையும் கோடு போட்டு அடித்தேன். மேலே ஆங்கிலத்தில், 'நான் போகவில்லை, நீங்கள் துரத்துகிறீர்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பயமும் இருந்தது, அதைவிடக் கோபம் இருந்தது.

"இப்படி எழுதினா லெட்டர் வராதும்மா. யோசிச்சுக்கோங்க," என்றார்.

"அந்தப் பெரியவருக்குத்தான் திருத்தி எழுதினீங்க சார். எனக்கு வேணாம்," என்றேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. டியூஷன் பிள்ளைகளுக்காக முன்னறையில் பாயை விரித்துப் போட்டாள். உறவுக்காரர்கள் மறுபடி வர ஆரம்பித்தார்கள், பிஸ்கட்டும் குறைய ஆரம்பித்தது. பல மாதம் கழித்து, நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, ஒருநாள் தபாலில் அந்த லெட்டர் வந்தது. நான் எழுதிக் கொடுத்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நான் சொந்தக் காரணங்களுக்காக விலகி, புதிய வாய்ப்புகளைத் தேடிச் சென்றுவிட்டதாகவும், கம்பெனி என்னை வாழ்த்துவதாகவும் இருந்தது. நல்லவேளை, அந்த மாதிரி லெட்டரில் படம் போடும் வழக்கம் கிடையாது. இருந்திருந்தால் என் கையிலும் ஒரு பெட்டியைக் கொடுத்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்க வைத்திருப்பார்கள்.