மூலை நாற்காலிக்காரர்

பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் பரிமாறும் அக்காவுக்கு முழங்கால் வலி. கருத்தரங்கு நடக்கும் நாட்களில் மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் சாப்பாட்டுக் கூடத்தின் மூலை நாற்காலியைத் தனக்கென்று பிடித்துவைத்திருந்தாள். யாராவது உட்காரப் போனால், "அங்க ஒருத்தர் வராருங்க, லேட்டாத்தான் சாப்பிடுவார்" என்று கூசாமல் புளுகுவாள். பொய்க்குப் பொருத்தமாகத் தட்டும் தண்ணீர் நிரப்பிய டம்ளரும் வைப்பாள். சாப்பிட்டு முடித்தவர்கள் டம்ளரைக் கவிழ்த்துவைப்பது அங்கே வழக்கம். கவிழ்ந்ததைப் பார்த்துத்தான் அவள் மேசை துடைப்பாள்.

அன்று பந்தி ஓய்ந்தபின் ஒரு பேராசிரியை பெட்டியோடு வந்து, நேரே மூலைப்பக்கம் போனார்.

"அங்க ஒருத்தர் வராருங்க மேடம்."

"தெரியும்மா. பஸ் ஸ்டாண்டுல வழி தெரியாம முழிச்சப்ப அவர்தான் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தார். மூலையில தனக்கு எப்பவும் தட்டு போட்டிருப்பீங்கன்னு சொன்னார்."

அக்கா வாசலைப் பார்த்தாள். "எங்க அவர்?"

"எனக்கு முன்னாடியே உள்ள வந்துட்டாரே."

கூடத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. மூலை நாற்காலி பின்னுக்கு இழுபட்டிருந்தது. டம்ளர் கவிழ்ந்திருந்தது.

பழக்கதோஷத்தில் அக்காவின் கை துடைக்கும் துணியைத் தேடியது.